பொன்னும் நஞ்சும்: எரிமலை வெப்பநீரில் பொற்படிவுகள் தோன்றும் முறை

பொன்னின் பெறுமதியைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. அதன் பிறப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில. இதனால், பொன் தன் இயல்பினாலேயே விலையுயர்ந்தது என்ற எண்ணம் கற்றோரிடையேயும் வினாவின்றி நிலைத்துவிட்டது. இவ்வெண்ணத்தில் இரண்டு வினாக்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளன. மண்ணிற் சிதறிக் கிடந்த பொன் ஓரிடத்தில் எவ்வாறு திரண்டது என்பது முதலாவது வினா. திரண்ட பொன் எவருக்கு உரித்தாயிற்று என்பது இரண்டாவது வினா. முன்னையது இயற்கையின் வரலாற்றைச் சார்ந்தது. பின்னையது மனித சமுதாயத்தின் வரலாற்றைச் சார்ந்தது. இவற்றைப் பிரித்து நோக்கி, பின்னர் இவை எவ்விடத்தில் இணைகின்றன என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வுத்துறையைச் சார்ந்த நாம் புவிச்சரிதவியலுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் அரசியற் பொருளாதாரத்தை ஆராய்ந்த மார்க்ஸ் தமது இறுதிக்காலத்தில், 1878 ஆம் ஆண்டில், புவிச்சரிதவியல் நூல்களைக் கற்று விரிவான குறிப்புகளை எழுதிவைத்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். நிலத்தைப் பற்றிய சமூக உறவுகளை அறிய விழைபவர், நிலம் எவ்வாறு ஆனது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்கிடையாகும்.

1. அருமை என்பது யாது?

பொன் அரிதான உலோகம் என்று கூறுகின்றோம். எப்பொருளில் அது அரிது? புவியோட்டின் ஒரு தொன் பாறையில் சராசரியாகச் சில மில்லிகிராம் பொன்னே உள்ளது. ஆனால் புவியோட்டின் பருமனை நோக்கும்போது இச்சிறு வீதமே கணக்கற்ற பொன்னாகிவிடும். எமது காலடியிலுள்ள கல்லிலும் பொன் உண்டு, கடல்நீரிலும் உண்டு. இல்லாமை அன்று, சிதறிக் கிடத்தலே அதன் அருமைக்குக் காரணம்.

இவ்வுண்மையை ஜேர்மானிய இரசாயனவியலாளரான பிரிட்ஸ் ஹேபர் பெருஞ்செலவில் உணர்ந்தார். முதலாம் உலகப்போரில் தோல்வியுற்ற ஜேர்மனிமீது வெற்றிபெற்ற வல்லரசுகள் பெருந்தொகையான இழப்பீட்டைச் சுமத்தின. அக்கடனைத் தீர்ப்பதற்குக் கடல்நீரிலிருந்தே பொன்னைப் பிரித்தெடுக்கலாம் என்று ஹேபர் எண்ணினார். அமோனியாத் தொகுப்புக்காக நோபெல் பரிசு பெற்றவரும், போரில் நச்சுவாயுவைப் பயன்படுத்துவதில் முன்னின்றவருமான அவர், 1920களில் கப்பல்களில் ஆய்வுகூடம் அமைத்துப் பல கடல்களின் நீரைச் சோதித்தார். முந்திய ஆய்வாளர் கூறியிருந்த அளவின் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கே உண்மையில் இருந்தது. முயற்சி கைவிடப்பட்டது. கடலில் இருந்த பொன் முழுவதும் கடலிலேயே இருந்தது. அதனைத் திரட்டுவதற்கு வேண்டிய உழைப்பும் எரிபொருளும் பெறக்கூடிய பொன்னின் பெறுமதியைப் பன்மடங்கு விஞ்சின.

திறந்த சுரங்கமொன்றில் ஒரு தொன் பாறையில் ஒன்றிரண்டு கிராம் பொன் இருப்பின் அதனை அகழ்வது இலாபந்தரும் என்பர். அதாவது, சராசரிப் பாறையில் உள்ளதிலும் பல நூறு மடங்கு, சிலவேளை ஆயிரம் மடங்கு, செறிவு வேண்டும். இச்செறிவை மனித உழைப்பு உண்டாக்கவில்லை. மனிதர் அங்கு சென்றடைவதற்கு முன்னரே அது நிகழ்ந்திருந்தது. அதனை நிகழ்த்திய வேலையாள் யார்? எரிமலைப் பிரதேசங்களைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்குரிய விடை வெப்பநீர் என்பதாகும்.

2. நீரும் கந்தகமும்

எரிமலையொன்றின் அடியில், சில கிலோமீற்றர் ஆழத்தில், பாறைக்குழம்பு தேங்கிக் குளிர்ந்துகொண்டிருக்கும். அதன் வெப்பம் சூழவுள்ள வெடிப்புற்ற பாறைகளிற் பரவுகின்றது. மலைமீது பெய்யும் மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, அடர்த்தி குறைந்து, மீண்டும் மேலெழுகின்றது. அடுப்பிலேற்றிய பானையில் நீர் சுழல்வதைப் போன்றதே இச்சுற்றோட்டம். ஆயின் பானையின் ஆழம் கிலோமீற்றர் கணக்கிலானது, சமைக்குங் காலம் ஆயிரமாயிரம் ஆண்டுகள். வெந்நீரூற்றுகளின் நீரிலுள்ள ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் சமதானிகளை அளந்தறிந்த விஞ்ஞானிகள், அந்நீரிற் பெரும்பகுதி மழையாய்ப் பெய்த நீரே எனக் காட்டியுள்ளனர். அதனோடு குளிரும் பாறைக்குழம்பிலிருந்து வெளிப்படும் நீராவியும் வாயுக்களும் உப்புகளும் கலக்கின்றன. அவற்றுள் கந்தக வாயுக்களே எமது பொருளுக்கு முதன்மையானவை.

பொன் எளிதில் எதனோடும் சேராத உலோகம். நீரில் அது கரையாது, காற்றிற் கறுக்காது. பணத்துக்கு ஏற்ற பொருளாக அது வரலாற்றில் நிலைபெற்றமைக்கு இப்பண்பும் ஒரு காரணம். அவ்வாறாயின் கரையாத உலோகத்தை நீர் எவ்வாறு சுமந்து செல்லும்? பழைய புவிச்சரிதவியலாளரை நெடுங்காலம் இடர்ப்படுத்திய வினா இது. எரிமலைசார் பொற்படிவுகளை ஆழத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப வகைப்படுத்தியவர் சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய வால்டமர் லின்ட்கிறன். மேற்பரப்பை அண்டி, வெந்நீரூற்றுகளின் தொடர்பில் தோன்றும் படிவுகளை அவர் தனிவகையாகப் பிரித்தார். 1933 இல் வெளிவந்த அவரது நூலின் நான்காம் பதிப்பு ஒரு தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. எனினும் பொன் நீரிற் பயணஞ்செய்யும் முறை இரசாயன ஆய்வுகூடத்திலேயே தெளிவாகவேண்டியிருந்தது.

1973 இல் சீவட் என்பவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். உயர் வெப்பத்திலும் உயர் அமுக்கத்திலும் கந்தகம் கலந்த நீரில் பொன் எவ்வளவு கரைகின்றது என்பதை அவர் அளந்தார். ஐதரசன் சல்பைட்டு கரைந்துள்ள வெந்நீரில் ஐதரோசல்பைட்டு அயன்கள் உண்டாகும். அவற்றுள் இரண்டு, ஒரு பொன்னணுவை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பற்றப்பட்ட பொன், உப்பைப் போல நீரிற் கரைந்து நிற்கும். மிகுந்த வெப்பமும் உப்புத்தன்மையும் அமிலத்தன்மையுங் கொண்ட ஆழ்நீரில் குளோரைட்டும் இச்சுமையை ஏற்கக்கூடும். ஆயினும் எரிமலையின் மேலடுக்குகளில் பொன்னைச் சுமப்பது பெரும்பாலும் கந்தகமே.

சுமக்கப்படும் அளவு மிகச் சிறிது. ஒரு தொன் வெந்நீரில் சில மில்லிகிராம் என்பதே வழக்கமான கணக்கு. எனவே பொற்சுரங்கமொன்று தோன்றுவதற்கு, சுமக்கும் நீர் நெடுங்காலம் ஒரே வழியிற் செல்லவேண்டும். சுமையை ஏறத்தாழ ஒரே இடத்தில் இறக்கவும் வேண்டும். முதலாவது நிபந்தனையைப் பாறையின் வெடிப்புகள் தீர்மானிக்கின்றன. இரண்டாவதைத் தீர்மானிப்பது கொதிப்பு.

3. கொதிப்பு என்னும் எல்லை

அளவுமாற்றம் ஒரு கட்டத்திற் பண்புமாற்றமாகும் என்பதை விளக்குவதற்கு ஏங்கல்ஸ் எடுத்தாண்ட உதாரணங்களுள் நீர் கொதித்து ஆவியாதலும் ஒன்று என்பதை எமது வாசகர் அறிவர். அவ்வுதாரணம் அடிக்கடி மந்திரம்போல ஒப்புவிக்கப்படுவதும் உண்டு. வாய்பாட்டைக் கூறுவதனால் இயற்கை விளங்கிவிடாது. எந்த அமுக்கத்தில், எந்த வெப்பத்தில், எதனைச் சுமந்த நீர் கொதிக்கின்றது என்ற திட்டமான விவரங்களிலேயே உண்மை உறைகின்றது.

கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 1,000 மீற்றர் ஆழத்தில், தன்மேல் நிற்கும் நீரின் பாரத்தினால், 300 பாகையை அண்மித்த பின்னரே கொதிக்கும். ஆழத்திலிருந்து மேலெழும் வெந்நீர், மேலே வர வர, அமுக்கத்தை இழக்கின்றது. ஒரு மட்டத்தில், நீரின் வெப்பம் அவ்விடத்துக் கொதிநிலையை எட்டிவிடும். அடுப்பில் நீர் கொதிப்பது வெப்பம் ஏறுவதனால். இங்கு கொதிப்பது அமுக்கம் இறங்குவதனால். அவ்வேளை நீராவியுடன் காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் நீரைவிட்டு வெளியேறுகின்றன. பொன்னைப் பற்றியிருந்த கந்தகம் குறைந்துவிடுகின்றது. பற்றுக்கோடிழந்த பொன் நீரில் நிற்கமுடியாது படிகின்றது. ஆழத்தில் நெடுந்தூரம் மாற்றமின்றி வந்த சுமை, சில மீற்றர் உயரத்துக்குள் இறக்கப்படுகின்றது. பொற்செறிவின் இரகசியம் இதுவே.

இது வெறும் அனுமானமன்று. நியூசிலாந்தின் தௌப்போ எரிமலை வலயத்திலுள்ள புறோட்லாண்ட்ஸில், புவிவெப்ப மின்னுற்பத்திக்காக ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. கிணற்று நீர் மேலே பாய்ந்து கொதிக்குமிடத்தில், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் உலோகத் தகட்டின்மீது பொன்னும் வெள்ளியும் செறிந்த படிவு உண்டாவதை கெவின் பிறவுண் 1986 இல் எடுத்துக்காட்டினார். ஆழத்து நீரில் மிக நுண்ணளவிலிருந்த பொன், அமுக்கம் திடீரென வீழும் அவ்விடத்தில் ஏறத்தாழ முழுவதுமாகப் படிந்துவிட்டிருந்தது. பொறியியலாளர் பொருத்திய தகடு, அவர்கள் கருதாமலே, பொற்படிவு ஆய்வின் கருவியாயிற்று.

அதே வலயத்தில் வையொதப்பு என்னுமிடத்திலுள்ள சம்பெயின் குளத்தில் இதனைக் கண்ணாலும் காணலாம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் நீராவி வெடிப்பினால் உண்டான குழியில், ஏறத்தாழ 75 பாகை வெப்பமுடைய நீர் குமிழியிட்டுக்கொண்டிருக்கின்றது. அதன் விளிம்பில் செம்மஞ்சள் நிறச் சேறு படிகின்றது. அச்சேற்றை 1969 இல் ஆராய்ந்தபோது, ஒரு தொன்னில் 80 கிராம் அளவிற் பொன் இருப்பது தெரியவந்தது. பெரும்பாலான சுரங்கங்களின் தாதுப்பாறையிலும் இது பன்மடங்கு செறிவானது. சேற்றின் நிறத்துக்குக் காரணம் பொன்னன்று. ஆசனிக்கும் அந்திமனியும் கந்தகத்தோடு சேர்ந்த சேர்வைகளே அது. இவ்விடயத்துக்குப் பின்னர் மீளுவோம்.

அணைந்துபோன எரிமலைகளிற் கொதிப்பு நிகழ்ந்தது என்பதைப் பாறைகளே சான்றுபகர்கின்றன. காபனீரொட்சைட்டு விரைந்து நீங்கும்போது கல்சைற்று மெல்லிய தகடுகளாய்ப் படியும். வெப்பமிழந்த நீரிலிருந்து சிலிக்கா நுண்ணிய பட்டைபட்டையான குவாட்சாய் இறுகும். யப்பானின் கியூசுத் தீவில், ககோசிமா மாநிலத்திலுள்ள ஹிசிகாரிச் சுரங்கம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உண்டான குவாட்சு நரம்புகளில், ஒரு தொன்னுக்கு 20 கிராமுக்கு மேற்பட்ட பொன் அங்கு காணப்பட்டது. 1985 இல் அகழ்வு தொடங்கிய அச்சுரங்கத்தில் 65 பாகை வெந்நீர் ஊறிக்கொண்டேயிருந்தமையால், அதனை இறைத்தே வேலைசெய்யவேண்டியிருந்தது. பொன்னைக் கொணர்ந்த வெப்பத்தின் எச்சம் அது.

4. லிகிர்: நிகழ்ந்துகொண்டிருக்கும் வரலாறு

பொற்படிவு உருவாகும் வேகத்தை அளப்பது நெடுங்காலம் இயலாதிருந்தது. சுரங்கங்களிற் பெரும்பாலானவை அணைந்த எரிமலைகளில் இருப்பவை. வேலை முடிந்து வேலையாள் வெளியேறிய பின்னர் நாம் களத்தைச் சென்று பார்க்கின்றோம். இதற்கு விதிவிலக்காக அமைந்தது பப்புவா நியூகினியின் நியூ அயர்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த லிகிர்த் தீவு. அங்கு லூயிசு எனப்படும் எரிமலையின் ஒருபுறம் சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சரிந்து கடலுள் வீழ்ந்தது. மேலிருந்த பாறையின் பாரம் திடீரென நீங்கவே, ஆழத்துப் பாறைகள் நொறுங்கின, வெந்நீர் கொதித்தது, பொன் படிந்தது. லடோலம் எனப்படும் அப்படிவில் ஏறத்தாழ 1,300 தொன் பொன் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. உலகின் மிகப்பெரும் பொற்படிவுகளுள் அதுவும் ஒன்று.

அவ்வெப்பநீர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது. ஸ்ருவட் சிமன்ஸ், கெவின் பிறவுண் ஆகிய இருவரும் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்தே நீரைச் சேகரித்தனர். மேலே வந்த நீரைச் சோதிப்பதிற் பயனில்லை. வரும் வழியிற் கொதித்துப் பொன்னை அது இறக்கிவிட்டிருக்கும். 2006 இல் வெளியான அவர்களது முடிவின்படி, ஆழ்நீரின் ஒரு தொன்னில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் பொன் உள்ளது. ஆண்டொன்றுக்கு 24 கிலோகிராம் பொன்னை அந்நீர் மேலே கொணர்கின்றது. இதே வேகத்தில் 1,300 தொன்னும் திரள்வதற்கு ஏறத்தாழ 55,000 ஆண்டுகள் போதுமானவை.

புவியின் காலக்கணக்கில் 55,000 ஆண்டுகள் ஒரு நொடிப்பொழுது. மனிதரின் காலக்கணக்கில் அது எத்தகையது? 1982 இற் கண்டறியப்பட்ட இப்படிவில் 1997 முதல் பொன் உற்பத்தி நடைபெறுகின்றது. பல ஆண்டுகளில் ஆண்டுக்கு 20 தொன் அளவிற் பொன் எடுக்கப்பட்டது. 20 தொன்னை 24 கிலோகிராமால் வகுத்தால் ஏறத்தாழ 830 வரும். எனவே சுரங்கத்தின் ஓராண்டு, எரிமலையின் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலான வேலையைக் கொண்டுசெல்கின்றது.

5. உடன் வந்தவை

நீர் பொன்னைத் தனியே கொணர்வதில்லை. கந்தகத்தின் துணையோடு பயணஞ்செய்யும் ஆசனிக்கு, அந்திமனி, பாதரசம் முதலியவையும் அதே வழியில் வந்து அதே பிரதேசத்திற் படிகின்றன. லிகிரில் பொன்னின் பெரும்பகுதி ஆசனிக்குக் கலந்த பைரைற்று மணிகளுள்ளேயே அடங்கியுள்ளது. சம்பெயின் குளத்தின் செம்மஞ்சட் சேறும் இதனையே காட்டுகின்றது. பொன் தேடுவோர் மண்ணில் ஆசனிக்கையும் பாதரசத்தையும் அளந்து பொன்னிருக்கும் இடத்தை ஊகிப்பதும் இதனாலேயே.

கந்தகத்தையும் இரசத்தையும் உலோகங்களின் பெற்றோராகக் கருதிய பண்டை இரசவாதிகளின் கொள்கை இவ்விடத்து எமக்கு நினைவுவருகின்றது. எமது சித்தர் மரபிலும் இவ்விரண்டும் பெற்ற இடம் சிறிதன்று. அக்கொள்கை பிழையானது, கந்தகத்திலிருந்தோ இரசத்திலிருந்தோ பொன் பிறப்பதில்லை. எனினும் இம்மூன்றும் நிலத்தில் ஒருங்கே காணப்படுகின்றன என்ற அவதானத்தில் உண்மையுண்டு. ஒன்று பொன்னைச் சுமப்பது. மற்றையது பொன்னின் வழித்துணை. உறவைக் கண்டவர்கள் அவ்வுறவின் தன்மையை அறியுங் கருவிகளைப் பெற்றிருக்கவில்லை.

நிலத்தினுள் பொன்னும் நஞ்சும் சேர்ந்து கிடந்தவரையில், அவை ஒரு கல்லின் இரு கூறுகள். அகழ்வு அவற்றைப் பிரிக்கின்றது. பிரிந்தபின் எது எவரிடஞ் செல்கின்றது என்பதை இரசாயனம் தீர்மானிப்பதில்லை.

பெரு நாட்டின் கஹமார்க்கா இதற்கு மறக்கவொண்ணாத சான்று. 1532 இல் ஸ்பானியர் இன்கா மன்னன் அதாகுவல்பாவைச் சிறைப்பிடித்து, ஓர் அறையளவு பொன்னை மீட்புப்பணமாகப் பெற்று, அடுத்த ஆண்டில் அவனைக் கொன்றதும் அந்நகரிலேயே. அந்நகருக்கு வடக்கேயுள்ள மலைகளில், பழைய எரிமலைப் பாறைகளில், யனகோச்சாப் பொற்படிவு அமைந்துள்ளது. அது சற்று வேறுபட்ட வகையினது. அங்கு பாறைக்குழம்பின் கந்தகவீரொட்சைட்டு நீரோடு சேர்ந்து சல்பூரிக்கமிலமாகிப் பாறையை அரித்துத் துளைபடச் செய்தது. பின்னர் வந்த கரைசல்கள் அத்துளைகளிற் பொன்னை இட்டன. பொன்னோடு பாதரசமும் வந்தது. 1993 முதல் அகழப்பட்ட அச்சுரங்கத்தில் பாதரசம் உபவிளைவாகப் பிரிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் திகதி, அதனை ஏற்றிச்சென்ற பாரவண்டியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோகிராம் பாதரசம் வீதியோரமாகச் சிந்தியது. சொரோபம்பா முதலிய ஊர்களின் மக்கள், இன்னதென்று அறியாது, மின்னும் அத்திரவத்தைக் கையால் அள்ளி வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறி நோயுற்றனர். ஒரே நீர் கொணர்ந்த இரண்டு உலோகங்களுள், பொன் உலகச் சந்தையை அடைந்தது. பாதரசம் வீதியோரக் குடியானவர் வீட்டை அடைந்தது.

6. எரிமலையின் வேலையும் மனிதரின் வேலையும்

எரிமலை செய்ததைத் தலைகீழாகச் செய்வதே பொன் அகழ்வின் இரசாயனம். கந்தகக் கனியத்துள் சிறைப்பட்ட பொன்னை விடுவிப்பதற்கு, லிகிரில் அரைத்த தாதுவை உயர் அமுக்கமுடைய பெருங்கலங்களில் 200 பாகைக்கு மேற் சூடாக்கி, ஒட்சிசன் செலுத்துகின்றனர். மனிதர் அமைத்த சிறிய வெப்பநீர்த் தொகுதி என்றே அதனைக் கூறலாம். பின்னர் சயனைட்டுக் கரைசல் பொன்னை மீண்டும் நீரிற் கரைக்கின்றது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோவில் 1887 இல் உரிமம் பெற்ற இம்முறையில், ஆழத்தில் கந்தகம் பொன்னணுவை இருபுறமும் பற்றியது போலவே, இரண்டு சயனைட்டு அயன்கள் அதனைப் பற்றுகின்றன. சுரங்கத்தின் வெப்பத்தையும் வீணாக்கவில்லை: அவ்விடத்து நீராவியைக் கொண்டு 2003 இல் மின்னுற்பத்தி தொடங்கப்பட்டு, பின்னர் 56 மெகாவற்று அளவுக்கு விரிவாக்கப்பட்டது. பொன் நீங்கிய கசடு குழாய்வழியே ஆழ்கடலுக்குச் செலுத்தப்படுகின்றது.

இனி எமது இரண்டாவது வினாவுக்கு வருவோம். அரிய கற்களின் பெறுமதி அவற்றின் அருமையிலிருந்து நேரே பிறப்பதன்று, அவற்றைக் கண்டெடுப்பதற்கு வேண்டிய உழைப்பிலிருந்து பிறப்பது என்று மார்க்ஸ் வாதித்தார். புவிச்சரிதவியல் இவ்வாதத்துக்கு உடலும் உயிரும் தருகின்றது. ஒரு தொன்னிற் சில மில்லிகிராமாய் இருந்ததை நீர் சில கிராமாகச் செறித்துவிட்டது. அச்செறிவின் அளவுக்கு மனித உழைப்பு மிச்சமாகின்றது. ஹேபர் கடலில் தோற்றதற்கும் லிகிரில் சுரங்கம் நிலைபெற்றதற்கும் வேறுபாடு இதுவே. நீர்வீழ்ச்சியின் விசையைப் பயன்படுத்தும் ஆலையைப் பற்றி மார்க்ஸ் கூறியதை இங்கும் பொருத்தலாம். நீர்வீழ்ச்சி தானே பெறுமதியை உண்டாக்குவதில்லை. ஆனால் அதனைத் தனக்கெனக் கொண்டவன், ஏனையோரிலும் குறைந்த செலவில் உற்பத்திசெய்து மேலதிக இலாபம் பெறுகின்றான். அவ்விலாபம் நில உரிமையாளனிடம் வாடகையாகச் சேரும். எரிமலையின் 55,000 ஆண்டு வேலை, கணக்கேட்டில் வாடகையாக உருமாறித் தோன்றுகின்றது. எரிமலை கூலி கேட்பதில்லை. அதன் பெயரால் கூலி பெறுபவர் யார் என்பதே கேள்வி.

பப்புவா நியூகினியில் நிலத்தின் மிகப்பெரும்பகுதி மரபுவழிக் குலங்களுக்குரியது. லிகிரில் அவ்வுரிமை தாய்வழியாக வருவது. ஆயின் 1992 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்தடிக் கனியங்கள் அரசுக்குரியவை என வகுத்தது. அகழும் உரிமை கம்பனியிடம். அது 2010 இலும் 2023 இலும் ஒரு நாடுகடந்த நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. இவ்வாறு மேல்மண் ஒருவருக்கு, கல்லுள் இருப்பது மற்றொருவருக்கு, அதனை எடுப்பது வேறொருவருக்கு என நிலம் சட்டத்தாற் கூறுபட்டது. சுரங்கத்தை அண்டிய கரையில் ஐலாயா எனப்படும் பாறை நிற்கின்றது. இறந்தோரின் ஆவிகள் மறுவுலகு புகும் வாயில் அது என்பது தீவினரின் நம்பிக்கை. அதற்குச் சட்டத்தின் பிரிவுகளுள் இடம் காண்பது எளிதன்று. இழப்பீடும் வேலைவாய்ப்பும் வீதியும் மருத்துவமும் தீவுக்கு வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றைப் பெறத் தீவினர் ஓயாது வாதாடினர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் எண்ணூறு ஆண்டுச் சேமிப்பு ஓராண்டிற் செலவாகுமிடத்தில், சுரங்கம் மூடப்பட்டபின் எஞ்சப்போவது யாது என்பதே அவர்களுடைய பேரர் கேட்கவுள்ள வினா.

இவ்வினா புதியதன்று. ருமேனியாவின் ரோசியா மொன்ரானாவில், சுமார் ஒரு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எரிமலைப் பாறைகளிலுள்ள பொன்னை, கி.பி. 106 இல் அந்நாட்டைக் கைப்பற்றிய உரோமர் அகழ்ந்தனர். அங்குள்ள பழைய சுரங்கவழிகளில் மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் 164 ஆம் ஆண்டுக்குரிய ஒன்று, பொற்சுரங்கத் தொழிலாளி ஒருவனின் கூலி ஒப்பந்தம். சில மாத வேலைக்கு 70 தெனாரி கூலி. இடையில் வேலையை விட்டு நீங்கினால் நாட்கணக்கில் தண்டம். சுரங்கத்துள் நீர் புகுந்து வேலை தடைப்படின் அதற்கேற்பக் கூலி குறையும். தனக்கு எழுத்தறிவில்லை என்று தொழிலாளி கூறியதனால், அவனுக்காக வேறொருவர் எழுதியதாகவும் அவ்வாவணம் கூறுகின்றது.

பொன்னின் வரலாற்றை ஆராய்வோர் இப்பலகையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பொன்னை அங்கு கொணர்ந்து இட்டது நீர். பல இலட்சம் ஆண்டுகளின் பின்னர் அதே மலையில் ஊறிய நீரின் பேரால் ஓர் ஏழையின் கூலி வெட்டப்பட்டது. இயற்கை தந்த செறிவின் பயன் உரிமையாளனைச் சேர்ந்தது. இயற்கை தந்த இடையூறின் நட்டம் உழைப்பாளியைச் சேர்ந்தது. சொரோபம்பாவில் 2000 ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் அடிப்படையில் இதே பங்கீடுதான். அதே ரோசியா மொன்ரானாவில் சயனைட்டு முறையிற் பெருஞ்சுரங்கம் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக 2013 இல் ருமேனிய நகரங்களின் வீதிகளில் மக்கள் பெருந்தொகையாகத் திரண்டனர். 2021 இல் அவ்விடம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பங்கீடு மாற்றமுடியாத விதியன்று என்பதற்கு இதுவுமொரு சான்று.

வெப்பநீர் எவ்விதிகளின்படி பொன்னைத் திரட்டுகின்றது என்பதை நாம் இன்று பெருமளவு அறிவோம். அவ்விதிகளை எவரும் மாற்றவியலாது: அமுக்கம் வீழ்ந்தால் நீர் கொதிக்கும், கந்தகம் நீங்கினாற் பொன் படியும், பொன் படியுமிடத்தில் ஆசனிக்கும் பாதரசமும் படியும். பொன் எவருக்கு, நஞ்சு எவருக்கு என்று வகுக்கும் விதியோ மலையடியில் எழுதப்பட்டதன்று. அது மனிதர் எழுதியது. எழுத்தறியாதவனுக்காக வேறொருவர் எழுதியது. தமக்குரியதைத் தாமே எழுதும் நாளில் அவ்விதி வேறாக அமையும்.